புதுக் கிணற்றில் கலங்கல் தண்ணீர்: தெளிய வைப்பது எப்படி?

கிணறு வெட்டியாயிற்று, சிமெண்ட் வளையங்களான உறை இறக்கியாயிற்று, ஊற்றும் கண் திறந்துவிட்டது. ஆனால் வாளியை விட்டு மொண்டால் சேற்றுத் தண்ணீர்தான் வருகிறது. சில நாள் பொறுத்துப் பார்த்தால் மேலாகக் கொஞ்சம் தெளிகிறது. மோட்டாரைப் போட்டதும் பழையபடி கலங்கிவிடுகிறது. முதன்முதலாகக் கிணறு வெட்டியவர்கள் இந்தக் கட்டத்தில்தான் மனம் தளர்ந்துபோகிறார்கள். இடம் தவறிவிட்டதோ, இந்த நிலத்துத் தண்ணீரே இப்படித்தானோ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. யாராவது ஒருவர், "இரண்டு கிலோ படிகாரத்தை வாங்கிக் கிணற்றில் போடுங்கள், சரியாகிவிடும்" என்பார். அதைச் செய்யாதீர்கள் என்று சொல்வதற்காகவே முக்கியமாக இதை எழுதுகிறேன்.

புதுக் கிணறு கலங்கலாக இருப்பது இயல்பு. வெட்டும்போது உடைந்து நொறுங்கிய மண் கிணற்றின் அடியிலும், உறைக்கு வெளியே சுற்றியுள்ள மண்ணின் இடுக்குகளிலும் தங்கியிருக்கிறது. தண்ணீர் ஊறி வரும்போது அந்தப் பொடியையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அதை வெளியே எடுத்துவிட்டால், பருமணலும் சரளையும் மட்டும் ஊற்றைச் சுற்றி மிஞ்சி, அதுவே இயற்கையான வடிகட்டியாக அமைந்துவிடும். பொடியை எடுக்காமல் கிணற்றின் அடியிலேயே படிய வைத்தால், அது அடுத்த இறைப்பில் கிளம்பும். ஆகவே கலங்கலை அமுக்குவது வேலையில்லை. இழுத்து வெளியே கொட்டுவதுதான் வேலை. மணற்பாங்கான நிலத்தில் சில நாள் இறைப்பிலேயே பலன் தெரியும். களிமண் நிலத்தில் வாரக்கணக்கில் ஆகலாம். பொறுமை இல்லாமல் இந்த வேலை நடக்காது.

இங்கே சொல்வது ஆழம் குறைந்த உறைக் கிணறுகளுக்கும், கையால் இறக்கிய ஆழமில்லாத குழாய்க் கிணறுகளுக்கும் பொருந்தும். பாறையைத் துளைத்து நூறு மீட்டருக்குக் கீழே போகும் ஆழ்துளைக் கிணறுகளின் கதை வேறு.

முதலில் ஒரு பாட்டிலில் பாருங்கள்

எதையும் செய்வதற்கு முன், கலங்கல் எதனால் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நிறமில்லாத பாட்டில் ஒன்றில் கிணற்றின் நடு ஆழத்துத் தண்ணீரை நிரப்புங்கள். வாளி அடியைத் தொட்டால் சேறு கிளம்பிவிடும். மேற்பரப்பில் மட்டும் மொண்டால் தெளிந்த பகுதிதான் வரும். இரண்டுமே ஏமாற்றும். பாட்டிலை அசையாத இடத்தில் வைத்து, ஒரு நிமிடம், அரை மணி நேரம், ஒரு நாள் என்று மூன்று முறை பாருங்கள்.

ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிந்துவிடுவது மணல். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள மணல், பத்து சென்டிமீட்டர் ஆழத்தைப் பதினைந்து வினாடிக்குள் கடந்துவிடும். அதைவிடப் பத்து மடங்கு நுண்ணிய வண்டலுக்கு அதே தூரம் இறங்க ஏறக்குறைய இருபது நிமிடம் வேண்டும். இன்னும் பத்து மடங்கு நுண்ணிய களிமண் துகளுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதிலும் நுண்ணியவை படியவே படியாது. அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டு, தண்ணீரிலேயே மிதந்து நிற்கும். உங்கள் பாட்டில் ஒரு நாள் கழித்தும் மங்கலாகவே இருந்தால் அது களிமண். வேலை நீளும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். அடியில் மணல் அடுக்காகச் சேர்ந்தால், கிணற்றின் அடியிலோ உறையின் இணைப்பிலோ மணல் நுழைய வழி இருக்கிறது என்று பொருள்.

மண்ணே இல்லாத கலங்கலும் உண்டு. பால் போல வெளுத்து வந்து, இரண்டொரு நிமிடத்தில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது காற்றுக்குமிழி. மோட்டாரின் உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று வாங்குகிறது. மொள்ளும்போது தெளிவாக இருந்து, திறந்து வைத்த சில மணி நேரத்தில் மஞ்சளாகவோ செங்காவியாகவோ மாறினால் அது இரும்பு. எவ்வளவு இறைத்தாலும் அது போகாது. காற்றூட்டி வடிகட்ட வேண்டும். தண்ணீர் வெளிர்சாம்பலாக, விரலில் தொட்டால் வழுவழுப்பாக இருந்தால் புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைகிறது. சில முறை முழுக்க இறைத்து மாற்றினால் அது குறைந்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு. அந்தக் கிணற்றுக்குள் யாரும் இறங்கவே கூடாது.

இறங்க வேண்டி வந்தால்

தூர் எடுக்கவும் சுவர் தேய்க்கவும் ஆள் இறங்குவது வழக்கம். கிணற்று விபத்துகளில் உயிர் போவது பெரும்பாலும் தண்ணீரால் இல்லை, காற்றால். மண்ணிலிருந்து கசியும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. அடியில் தேங்கி நிற்கும். ஆக்சிஜன் குறைவாக இருப்பதைக் கண்ணாலும் மூக்காலும் அறிய முடியாது. இறங்கியவர் ஒரு குரல்கூடக் கொடுக்காமல் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் அவசரமாக இறங்குவார், அவரும் விழுவார். ஒரே கிணற்றில் இரண்டு மூன்று உயிர்கள் போவது இப்படித்தான்.

விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்க்கும் பழைய முறையை நம்பாதீர்கள். நச்சு வாயு இருந்தும் விளக்கு எரியலாம். மீத்தேன் இருந்தால் தீப்பிடித்துக்கொள்ளும். காற்றூதி ஒன்றின் குழாயை அடிவரை விட்டு நல்ல காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வாயுமானி கிடைத்தால் அளந்து பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். இறங்குபவரின் உடலில் இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையும், அதில் கயிறும் இருக்க வேண்டும். அந்தக் கயிற்றை இழுத்துத் தூக்கக்கூடிய இரண்டு பேர் மேலே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் கயிற்றால் இழுங்கள். பின்னால் யாரும் இறங்க வேண்டாம்.

பெட்ரோல் அல்லது டீசல் எஞ்சினை எக்காரணத்துக்காகவும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். மேலே வைக்கும் மோட்டாரால் நடைமுறையில் ஏழு மீட்டர் ஆழம்வரைதான் உறிஞ்ச முடியும். அதற்குக் கீழே தண்ணீர் போனதும் எஞ்சினையே உள்ளே ஒரு பலகையில் வைத்து ஓட்டும் எண்ணம் சிலருக்கு வருகிறது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு சில நிமிடங்களில் ஆளைக் கொன்றுவிடும். தண்ணீர் ஆழத்தில் இருந்தால் நீர்மூழ்கி மோட்டாரைப் பயன்படுத்துங்கள். அந்த மோட்டார் ஓடும்போது தண்ணீரில் யாரும் நிற்கக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி கட்டாயம் வேண்டும்.

கூடுமானவரை ஆள் இறங்காமலே முடிக்கப் பாருங்கள். ஆழமில்லாத கிணற்றில் நீளக் கழியில் கட்டிய தகர டின்னாலும், கனமான வாளியாலும் பெரும்பகுதி தூரை மேலிருந்தே எடுத்துவிடலாம்.

இறைப்பதற்கு முன்

வெட்டி முடித்த கிணற்றை ஓரிரு நாள் தொடாமல் விடுங்கள். கனமான துகள்கள் அடியில் சேரட்டும். பிறகு அந்தச் சேற்றை முதலில் எடுங்கள். மோட்டாரை விட்டு அதை உறிஞ்ச நினைக்க வேண்டாம். நல்ல தண்ணீருக்கான மோட்டாரில் மணல் போனால், தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரமான இம்பெல்லரும், கசிவைத் தடுக்கும் சீலும் தேய்ந்து சீக்கிரம் கெட்டுவிடும். சேறு இறைப்பதற்கென்றே உள்ள பம்பை வாடகைக்கு எடுக்கலாம், அல்லது வாளியும் ராட்டினமுமே போதும். உறையின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மண்ணையும் சிமெண்ட் பூச்சின் பிசிறுகளையும் நீளப் பிடி வைத்த தூரிகையால் மேலிருந்து கீழாகத் தேய்த்துவிட்டு, விழுந்ததையும் அள்ளிவிடுங்கள்.

அடுத்து, ஊற்றின் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறார்கள். பின்னால் வரும் எல்லா முடிவுகளுக்கும் இந்த ஓர் அளவு தேவைப்படும். ஓரளவு இறைத்துவிட்டு நிறுத்தி, முடிச்சுப் போட்ட கயிற்றில் கல் ஒன்றைக் கட்டி இறக்கி, நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். உள்விட்டம் 1.2 மீட்டர் உள்ள கிணற்றின் பரப்பு ஏறக்குறைய 1.13 சதுர மீட்டர். பத்து நிமிடத்தில் மட்டம் 10 சென்டிமீட்டர் ஏறியிருந்தால் 113 லிட்டர் ஊறியிருக்கிறது. அதாவது நிமிடத்துக்குப் பதினொரு லிட்டர். சாதாரண வீட்டு மோட்டார் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் இழுத்துவிடும். கலங்கலின் ரகசியத்தில் பாதி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இறைத்த தண்ணீர் எங்கே போக வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கிணற்றடியில் கொட்டினால் அதே கலங்கல் மண்ணுக்குள் இறங்கி மறுபடி கிணற்றுக்கே வரும். சரிவான பக்கமாகக் குழாய் போட்டுப் பதினைந்து மீட்டராவது தள்ளி, செடிகொடிகள் உள்ள மண்ணில் விடுங்கள். சாக்கடைக்குள் விட்டால் வண்டல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

இறைத்து இறைத்துத் தெளிய வைத்தல்

இறைக்கிற கிணறு ஊறும் என்பார்கள். ஊறும், தெளியவும் செய்யும். ஆனால் இறைக்கும் விதம் இருக்கிறது.

உறிஞ்சு குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வு அல்லது நீர்மூழ்கி மோட்டார், அடியிலிருந்து அரை மீட்டராவது மேலே தொங்க வேண்டும். தண்ணீரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கேட் வால்வை அரைவாசிக்கும் குறைவாகத் திறந்து, மெதுவாக ஆரம்பியுங்கள். நிற்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் நிறுத்துங்கள். மட்டம் பழைய இடத்துக்கு வரட்டும். மறுபடி இறைக்கவும். அடுத்தடுத்த சுற்றுகளில் பாதிவரை, பிறகு மூன்றில் இரண்டு பங்குவரை கொண்டுபோகலாம்.

ஒரே மூச்சில் அடிவரை வற்ற வைப்பதுதான் நான் அடிக்கடி காணும் அவசரம். கிணற்றுக்குள் மட்டம் சட்டென்று இறங்கினால், வெளியே மண்ணில் நிற்கும் தண்ணீர் முழு அழுத்தத்தோடு உள்நோக்கித் தள்ளும். உறை இல்லாத கிணற்றில் சுவர் சரியும். உறைக் கிணற்றில் அடிமணல் பொங்கி மேலே வரும். உறைக்கு வெளியே மண் குழிந்து உறை சாய்ந்துவிடவும் கூடும். இறைக்கும்போது கிணற்றைச் சுற்றித் தரையில் வெடிப்போ பள்ளமோ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அது மணல் பெருமளவில் உள்ளே போகிறது என்பதற்கான அடையாளம்.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, தேதி எழுதி வரிசையாக வையுங்கள். கண்ணுக்கு நாளுக்கு நாள் வித்தியாசம் தெரியாது. பாட்டில்களை அடுத்தடுத்து வைத்தால் தெரியும். மனம் தளராமல் இருக்கவும் இது உதவும்.

ஒரே திசையில் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். மணல் துகள்கள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து இடுக்குகளில் பாலம் கட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளிந்துவிட்டது போலத் தெரியும்; பின்னால் எங்கோ ஓர் அதிர்வில் பாலம் உடைந்து திரும்பவும் கலங்கும். அதனால் சில நிமிடம் இறைத்து, நிறுத்தி, மட்டம் ஏறவிட்டு, மறுபடி இறைப்பதே நல்லது. ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் முன்னும் பின்னும் அசைந்து, சிக்கிய பொடியை உதறி வெளியே கொண்டுவரும்.

மெதுவான இறைப்பில் தண்ணீர் தெளிந்ததும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். வால்வை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுங்கள். மறுபடி கலங்கும்; அது நல்லதுதான், இன்னும் வெளியேற வேண்டிய பொடி இருந்திருக்கிறது. அந்த வேகத்தில் தெளியும்வரை தொடருங்கள். பிறகு இன்னும் கொஞ்சம். இப்படிப் படிப்படியாக, நாளை நீங்கள் அன்றாடம் இறைக்கப்போகும் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலான வேகத்தில் தண்ணீர் தெளிந்து வரும் நிலைக்குக் கொண்டுபோங்கள். அதற்குப் பிறகு தினசரி வேகத்தில் இறைத்தால் ஊற்றைச் சுற்றியுள்ள மண் அசையாது. பலபேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மெதுவாக இறைத்துத் தெளிய வைத்துவிட்டு, பிறகு பெரிய மோட்டாரை மாட்டிவிட்டு, கிணறு கெட்டுவிட்டது என்கிறார்கள்.

ஆழமில்லாத குழாய்க் கிணறு என்றால் இந்த அசைவைக் கையாலேயே உண்டாக்கலாம். குழாயின் உள்விட்டத்துக்குச் சற்றுச் சிறிய ரப்பர் வட்டுகளைக் கம்பியில் பொருத்தி, தண்ணீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக இழுத்துக் குத்த வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. சில நிமிடம் குத்தியதும், கலங்கி வந்ததை அடிப்பம்பாலோ குறுகிய நீள வாளியாலோ வெளியே எடுத்துவிட்டு மறுபடி குத்துங்கள். வடிகட்டிக் குழாயின் துளைப்பகுதிக்குச் சற்று மேலே வைத்துக் குத்துவது பாதுகாப்பு. துளைகளுக்கு நேராக வேகமாகக் குத்தினால் குழாய் உடையலாம்.

அடியில் கல் பரப்புதல்

உறைக் கிணற்றில் தண்ணீர் பெரும்பாலும் அடிவழியாகத்தான் ஏறி வருகிறது. அடி மண் பொடிமணலாக இருந்தால், மேல்நோக்கி வரும் தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டே வரும். இதற்குக் கல் அடுக்கு போடுவதே நிலையான தீர்வு. முதலில் பருமணல், அதன்மேல் பட்டாணி அளவு சரளை, அதன்மேல் எலுமிச்சை அளவு கூழாங்கல். ஒவ்வொன்றும் 10 முதல் 15 சென்டிமீட்டர் கனம். சாதாரண வடிகட்டியில் பெரிய கல் அடியிலும் மணல் மேலேயும் இருக்கும். இங்கே தண்ணீர் கீழிருந்து வருவதால் வரிசை தலைகீழ். மணலைப் பிடித்து நிறுத்த அதற்கு அடுத்த அளவு சரளை வேண்டும், சரளையைப் பிடித்து நிறுத்த அதைவிடப் பெரிய கல் வேண்டும். எடுத்த எடுப்பில் பெரிய கல்லைப் போட்டால் இடைவெளிகளில் மணல் தாராளமாகப் புகுந்துவிடும், கல்லும் மணலுக்குள் புதைந்துபோகும்.

கற்களைப் போடுவதற்கு முன் கழுவுங்கள். குவாரியிலிருந்து வரும் ஜல்லியில் ஒட்டியிருக்கும் தூசு ஒரு கிணற்றையே வெள்ளையாக்கப் போதும். சுண்ணாம்புக் கல் வேண்டாம். ஆற்றுக் கூழாங்கல்லோ கருங்கல் ஜல்லியோ நல்லது. கல்லைக் கிணற்றுக்குள் வீசாமல் வாளியில் வைத்து இறக்கிக் கவிழுங்கள். இது தூர் எடுத்து, முதல் சில சுற்று இறைப்பு முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. சேற்றின் மேல் கல் போட்டால் சேறு கல்லுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பிறகு எடுக்கவே முடியாது.

உறைக்கும் வெளி மண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலும், நீர்மட்டத்துக்குக் கீழே சரளை நிரப்பியிருக்க வேண்டும். மேல் மூன்று மீட்டருக்கு, இதற்கு நேர்மாறாக, களிமண்ணோ சிமெண்ட் கலவையோ இட்டு இறுக்கமாக அடைக்க வேண்டும். மேல்தண்ணீர் உறையின் ஓரமாக வழிந்து இறங்காமல் தடுப்பது இந்த அடைப்புதான்.

இன்னும் தெளியவில்லை என்றால்

எப்போது கலங்குகிறது என்று கவனித்தாலே காரணம் பிடிபட்டுவிடும்.

மழை பெய்தால் மட்டும் கலங்கினால் ஊற்றின் மேல் பழியில்லை. மேல்தண்ணீர் உள்ளே வருகிறது. கைப்பிடிச்சுவர் முக்கால் மீட்டராவது உயரமாக இருக்கிறதா, கிணற்றைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிந்த சிமெண்ட் தளம் இருக்கிறதா, அதில் விழும் தண்ணீரைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் வாய்க்கால் இருக்கிறதா, மேல் உறைகளின் இணைப்பு அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சாதாரணக் கலங்கலாக எண்ணி விட்டுவிடாதீர்கள். மண் வருகிற வழியில் சாணமும் மலமும் வரும். எல்லாக் காரணங்களிலும் இதைத்தான் நான் மிகவும் அஞ்சுவேன்.

மோட்டார் போட்ட முதல் சில நிமிடம் மட்டும் கலங்கினால், அடியில் படிந்த மண்டியை உறிஞ்சு குழாய் கிளப்புகிறது. குழாயைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள். ஒரு முறை தூர் எடுங்கள். அதற்கு மாறாக, நல்ல தண்ணீராக ஆரம்பித்து, நெடுநேரம் ஓடிய பிறகு கலங்கினால், ஊறுவதைவிட அதிகமாக இழுக்கிறீர்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்று வேகமெடுத்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. சிறிய மோட்டார், அல்லது வால்வைக் குறைத்து நீண்ட நேரம் ஓட்டி மேல்தொட்டியில் சேமிப்பது, இவை இரண்டும்தான் வழி. காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்து இறைத்தாலே பல கிணறுகள் தெளிந்துவிடும்.

இறைத்தாலும் இறைக்காவிட்டாலும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால், தண்ணீர் வரும் அடுக்கே களிமண் கலந்தது. நீர்மட்டத்துக்கு மேல் உறையில்லாத களிமண் சுவர் இருந்தால் அது நனைந்து காய்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். அதை உறையிட்டு மூட வேண்டும். ஒருவேளை அடியில் நல்ல மணல் அடுக்கை எட்டாமலே வெட்டுவதை நிறுத்தியிருந்தால், கோடையில் மட்டம் தாழ்ந்திருக்கும்போது இன்னும் ஒன்றிரண்டு உறை ஆழப்படுத்துவதைப் பற்றிக் கிணறு வெட்டும் அனுபவசாலியிடம் கேளுங்கள். மணல் நின்றபாடில்லை என்றால் உறை இணைப்பில் எங்காவது இடைவெளி விட்டிருக்கும். நீர்மட்டத்தைத் தாழ்த்திக் கண்ணாடியால் வெயிலைப் பிரதிபலித்து உள்ளே அடித்துப் பார்த்தால், மணல் ஒழுகும் இடம் தெரிந்துவிடும்.

படிகாரம் எங்கே போட வேண்டும்

படிகாரம் நல்ல பொருள்தான். களிமண் துகள்களின் மின்னூட்டத்தைச் சமன்செய்து, அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து விழச் செய்கிறது. பிரச்சினை அதைப் போடும் இடத்தில். கிணற்றில் போட்டால் விழுந்த மண்டி கிணற்றிலேயே கிடக்கும். இதற்கிடையே புதிய கலங்கல் ஊறிக்கொண்டே இருக்கும். மறுபடி படிகாரம் போடுவீர்கள். தண்ணீர் புளிப்பேறி, மண்டி அடியில் கொழகொழவென்று சேர்ந்து, ஊற்றுக்கண்ணை அடைக்கும். மொண்டு வைத்த பாத்திரத்திலோ தொட்டியிலோ போட்டால் மண்டியைக் கொட்டிவிடலாம். அதுதான் முறை.

பத்து கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். இருபது லிட்டர் குடத்துக்கு இந்தக் கரைசலில் 50 மில்லிலிட்டர் விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்குங்கள். மெதுவாகக் கலக்கும்போதுதான் துகள்கள் திரண்டு பஞ்சுப் பிசிறுபோலத் தெரியும். ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்து, மேல்தண்ணீரை மட்டும் வடித்தெடுங்கள். தெளியாவிட்டால் 100 மில்லிலிட்டர் வரை கூட்டிப் பார்க்கலாம். தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டாலும், முருங்கை விதைப் பருப்பைப் பொடித்துக் கரைத்துவிட்டாலும் இதே வேலை நடக்கும். முருங்கை விதையில் தெளிய வைத்த தண்ணீரை மட்டும் ஒரு நாளைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். விதையின் கரிமப் பொருள் தங்கி நாற்றம் எடுக்கும். இவை எல்லாம் கிணறு தெளியும்வரையான ஏற்பாடு. தெளிந்து வந்த தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடியுங்கள். நன்றாகக் கொப்புளித்துக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் போதும்.

தெளிந்த பிறகு கிருமி நீக்கம்

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை எடுத்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கலங்கலை அளக்கும் அலகு என்.டி.யு. அதில் ஏறக்குறைய 4 தாண்டினாலே மங்கல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். குளோரின் சரியாக வேலை செய்யத் தண்ணீர் 5 என்.டி.யு.வுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. கலங்கல் தண்ணீரில் குளோரினைப் போடுவது வீண். மண்ணில் ஒட்டிய கரிமப் பொருளே அதைத் தின்றுவிடும், துகளுக்குப் பின்னால் கிருமிகள் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் இந்த வேலை கடைசியில் வருகிறது.

முதலில் தண்ணீரின் அளவு. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 0.785 ஆலும் நீரின் ஆழத்தாலும் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும்; 1000 ஆல் பெருக்கினால் லிட்டர். 1.2 மீட்டர் விட்டமும் 2 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 2,260 லிட்டர் இருக்கும். புதுக் கிணற்றுக்கு முதல் முறை லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்று வைத்துக்கொண்டால், 33 சதவீதக் குளோரின் உள்ள புது பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 150 கிராம். இந்தக் கிணற்றுக்கு 340 கிராம். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும். அதை நம்ப வேண்டாம்.

பவுடரை நேரடியாகக் கிணற்றில் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கரைத்து, அரை மணி நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த கரைசலை மட்டும் கிணற்றுச் சுவர் முழுக்க நனையும்படி ஊற்றுங்கள். சுண்ணாம்பையும் சேர்த்து ஊற்றினால் தெளிய வைத்த கிணற்றை நீங்களே கலக்கியதாக ஆகும். வாளியால் மொண்டு ஊற்றி நன்றாகக் கலந்துவிட்டு, குழாய்களிலும் வாசனை வரும்வரை மோட்டாரை ஓட்டி நிறுத்துங்கள். 12 முதல் 24 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், அந்தத் தண்ணீரை யாரும் தொட வேண்டாம். திறந்த வெளியில், கையுறை போட்டுக்கொண்டு கரையுங்கள். அமிலமோ வேறு கழுவுபொருளோ பவுடருடன் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். பிறகு வாசனை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள். மீன் உள்ள குளத்துக்கும் செடிகளுக்கும் அந்தத் தண்ணீர் போகக் கூடாது.

ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்

கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கலாம், ஆர்சனிக் இருக்கலாம், நைட்ரேட் இருக்கலாம். குளோரின் முழுக்க நீங்கி ஒரு வாரம் கழித்து, ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் மாதிரி எடுத்துக் கொடுங்கள். 100 மில்லிலிட்டரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ. கோலி என்ற கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுப்படி, லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராமுக்கும், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமுக்கும், ஆர்சனிக் 0.01 மில்லிகிராமுக்கும் மிகக் கூடாது. ஈ. கோலி தென்பட்டால் இன்னொரு முறை குளோரின் போட்டுப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் குளோரினை மேலும் மேலும் கொட்டுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் கழிவறைக் குழி எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கச் சரிவில் இருக்கிறது என்று பாருங்கள். குறைந்தது 15 மீட்டர், முடிந்தால் 30 மீட்டர் இடைவெளியும், கிணறு மேட்டுப்பக்கமும் இருக்க வேண்டும்.

மூடி இல்லாத கிணற்றுக்கு இந்த வாரமே மூடி செய்யக் கொடுங்கள். முதல் பெருமழை வந்த மறுநாள் காலையில், வேறு யாரும் இறைப்பதற்கு முன் ஒரு பாட்டில் மொண்டு, தேதி எழுதி, பழைய பாட்டில்களின் வரிசையில் வைத்துப் பாருங்கள். அது மங்கலாக இருந்தால் மேல் அடைப்பில் எங்கோ வழி இருக்கிறது. மழை விட்டதும் முதலில் அதைத் தேடுங்கள், அதுவரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.